தோரணவாயிலுக்கு இப்பால்

கினுவே அம்மையார் அன்று காலை கோயிலுக்குப் புறப்பட்டது, சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாமலே வீடு திரும்பிவிட வேண்டும் என்ற உறுதியோடுதான்.

அவருடைய முன்னாள் கணவர் ரெய்ஜி, மூன்று வாரங்களுக்கு முன்பு, அண்டை நகரமான தொயாமாவின் மருத்துவமனை ஒன்றில் காலமாகியிருந்தார். அச்செய்தி அவர்களுடைய ஒரே மகளான சிகுசாவுக்குத் தெரியாது. தெரிவிக்க வேண்டிய பொறுப்பு உலகத்தில் கினுவே ஒருவருக்கே இருந்தது. ஆனால் நவம்பர் நடுவில் பேத்தி சுமிரேயைக் கோயிலுக்கு அழைத்துச் சென்று நலம் வேண்டும் ஏழாம் வயதுச் சடங்கு வந்தது. கோடைக்காலத்திலேயே நல்ல நாள் பார்த்து, புகைப்படக்காரரை அமர்த்தி, மதிய விருந்துக்கும் இடம் சொல்லி வைத்திருந்தார் சம்பந்தியான தகேனோ அம்மையார். சடங்கு இனிது முடியட்டும், மறுநாள் தொலைபேசியில் சொல்லிவிடலாம் என்று கினுவே முடிவு செய்தார். அந்த முடிவில் ஓர் இடையூறு இருப்பதை அவர் அறியாதவரல்லர்.

சாவு நேர்ந்த குடும்பத்தார் ஐம்பது நாள் முடியும்வரை கோயிலின் தோரணவாயிலைக் கடக்கலாகாது. மணமுறிவு பெற்ற மனைவிக்கு அந்தத் தீட்டு இல்லை. பெற்ற மகளுக்கு உண்டு. இறந்தவரின் படுக்கையருகே அமர்ந்திருந்தவள் தாராளமாக உள்ளே போகலாம். இறந்ததையே அறியாதவள் போகக் கூடாது. இந்த விந்தையைக் கினுவே பல நாள் மனத்துக்குள் புரட்டிப் பார்த்தார். இறுதியில், அறியாமல் கடப்பவரைத் தெய்வம் பொறுத்துக்கொள்ளும், குற்றம் முழுவதும் அறிந்த தன்னையே சேரட்டும் என்று தமக்குத் தாமே தீர்ப்பு எழுதிக்கொண்டார்.

அவர்கள் ஊரான கனசாவாவின் நவம்பருக்குச் சற்றும் பொருந்தாத வெயில் அன்று அடித்தது. கோயிலுக்குக் கீழே, தெருவோரத்தில், தோட்டக்காரர்கள் ஏணிகளில் நின்று, வரப்போகும் பனியின் பாரத்தில் கிளைகள் ஒடியாதிருக்கப் பைன் மரங்களுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தனர். மதில் நெடுகிலும் பட்டாடை அணிந்த சிறுமிகளும், அவர்களைவிட அதிகமாக அலங்கரித்துக்கொண்ட தாய்மார்களும் நின்றிருந்தனர்.

தகேனோ அம்மையார் வாடகைக் காரிலிருந்து இறங்கும்போதே பேசிக்கொண்டு இறங்கினார்.

"என்ன சம்பந்தி, முகத்துக்குப் பவுடர் போட மறந்துட்டீங்களா? இல்ல, போட்டும் இப்படித்தானா?"

"சரியாத் தூங்கல, சம்பந்தி."

"பேத்திக்குச் சடங்குன்னா யாருக்குத் தூக்கம் வரும்? எனக்கும்தான் வரல. ஆனா நான் போட்டுக்கிட்டு வந்திருக்கேன் பாருங்க." அவர் தம் மகனைப் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தார். "டேய் கோஹேய், கல்யாணத்துக்கு எடுத்த கோட்டுதானே அது? பட்டன் தெறிச்சு சாமி மேல படாமப் பாத்துக்க."

"நீங்க செஞ்சு போட்ட சாப்பாடுதாம்மா இது," என்று வயிற்றைத் தட்டினான் கோஹேய்.

"பழியைத் தூக்கி என் மேல போடு. உன் பொண்டாட்டி என்னத்துக்கு இருக்கா?"

சிகுசா சிரித்தாள். முப்பத்து நான்கு வயதிலும் சிரிக்கும்போது மூக்கைச் சுருக்கும் வழக்கம் அவளைவிட்டுப் போகவில்லை. அது ரெய்ஜியின் வழக்கம். மருத்துவமனைக் கட்டிலில், எலும்பும் தோலுமாக ஆன பிறகும், ரெய்ஜி அப்படித்தான் சிரித்தார். கினுவே தலையைத் திருப்பிக்கொண்டார்.

சுமிரே அணிந்திருந்த சிவப்புப் பட்டு, ஏழு வயதில் சிகுசா இதே கோயிலுக்கு உடுத்தி வந்தது. அந்நாளில் எடுத்த நிழற்படம் ஒன்று வீட்டில் இருந்தது. புதுச் செருப்பு கடித்ததால் அழுத குழந்தையை, ரெய்ஜி தோளில் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்தபோது எடுத்த படம். அவர் வேறொருத்தியோடு ஒசாகாவுக்குப் போய்விட்ட ஆண்டில், பன்னிரண்டு வயதுச் சிகுசா அந்தப் படத்திலிருந்து தந்தையைக் கத்தரித்து எறிந்தாள். முழுவதும் எறிய முடியவில்லை. குழந்தையின் பாதத்தைத் தாங்கிய ஒரு கை மட்டும், உடலற்று, படத்தின் ஓரத்தில் எஞ்சி நின்றது. பின்னர், சிகுசாவின் திருமணத்தின்போது, தந்தைக்கும் ஓர் அழைப்பு அனுப்பலாமா என்று கினுவே தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு, "அந்த ஆளு பேரை இனிமே என் காதுல போட்டேன்னா, நான் உன் வாசப்படி மிதிக்கமாட்டேன்" என்றாள் மகள். கினுவே அச்சொல்லை ஒரு சட்டத்தைப் போலக் காத்து வந்தார்.

"பாட்டி, மூச்சே விட முடியல," என்றாள் சுமிரே, இடைக்கச்சையை இழுத்துக்கொண்டு.

"மூச்செல்லாம் சாப்பிடுறப்போ விட்டுக்கலாம்," என்றார் தகேனோ. "இப்ப போட்டோவுக்கு நிமிந்து நில்லு, என் தங்கம்."

அனைவரும் கல் தோரணவாயிலை நோக்கி நடந்தனர். நானூறு ஆண்டுகள் மழையும் பனியும் தின்று கறுத்த தூண்கள் இரண்டு; அவற்றுக்கு அப்பால் பாசி படிந்த படிகள். கோஹேய் தலை தாழ்த்தி வணங்கிவிட்டு முதலில் கடந்தான். கினுவேயின் கால்கள் தாமாகவே நின்றன.

தமக்குத் தடை ஏதுமில்லை என்பதை அவர் நூறு முறை எண்ணித் தேர்ந்திருந்தார். எந்த முறைப்படியும் அவர் ரெய்ஜிக்கு இப்போது எவருமல்லர். ஆயினும் அந்தத் தூண்களுக்கிடையே காலெடுத்து வைப்பது, 'எவருமல்லர்' என்று தம் வாயாலேயே சொல்வதற்குச் சமம் என அக்கணத்தில் அவருக்குத் தோன்றிவிட்டது.

"நீங்கள்லாம் போங்க. நான் அந்தப் பக்கமா, கார் நிறுத்துற வழியா ஏறி வந்துடறேன். முட்டி வலிக்குது."

"முட்டியா?" தகேனோ இடுப்பில் கை வைத்தார். "போன வாரம் மார்க்கெட்ல பஸ்ஸப் பிடிக்க ஓடினீங்களே, அது யாரோட முட்டி?"

"அன்னைக்கு ஓடினதாலதான் இன்னைக்கு வலி."

"சரிதான். ஒரு பதில் கையில வெச்சிருப்பீங்களே."

சிகுசா தாயை உற்றுப் பார்த்தாள். ஆனால் அதற்குள் சுமிரே அழத் தொடங்கியிருந்தாள்; அது கேட்டுக் கோஹேயும் வாயிலிலிருந்து திரும்பி வந்தான். செருப்பின் வார் காலை அறுத்து, வெள்ளைக் காலுறையில் சிறு செம்புள்ளி தோன்றியிருந்தது.

"அழாதே, அழாதே, கண்ணு மை கலைஞ்சிரும். சம்பந்தி, உங்க பையில பிளாஸ்திரி இருக்குமே? உங்ககிட்ட இல்லாதது உண்டா?" என்று கேட்ட தகேனோ, விடைக்குக் காத்திராமல் கினுவேயின் கையிலிருந்த சாம்பல் நிறப் பட்டுக் கைப்பையை வாங்கித் திறந்தார்.

நல்லதற்கும் கெட்டதற்கும் கினுவேயிடம் இருந்தது அந்த ஒரு பைதான். 'வேண்டாம்' என்று அவர் வாய் திறப்பதற்குள் தகேனோவின் விரல்கள் உள்ளே துழாவிவிட்டன. வெளியே வந்தது பிளாஸ்திரி அன்று. விரல் நீளத்துக்கு, வெள்ளைத் தாளில் மடித்த ஒரு சிறு பொட்டலம்.

எரியூட்டிவிட்டுத் திரும்புவோருக்குக் கொடுக்கும் உப்பு அது. வீட்டு வாசலில் நின்று, உள்ளே நுழையும் முன், சாவின் அழுக்கு நீங்கும்படி மேலே தூவிக்கொள்ள வேண்டிய உப்பு. பயன்படுத்திய பொட்டலத்தை எவரும் பையில் வைத்திருப்பதில்லை. பிரிக்காத பொட்டலத்தை வைத்திருக்கவே கூடாது.

தகேனோவின் பிறந்தகம், திருவிழாக்களில் இக்கோயில் பல்லக்கைச் சுமக்கும் குடும்பங்களுள் ஒன்று. இத்தகைய செய்திகளில் அவரை ஏமாற்ற இயலாது. வாழ்நாளில் அரிதாகவே நிகழ்வது நிகழ்ந்தது. அவர் பேச்சை நிறுத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கோஹேய், புள்ளைய மதிலோரக் குளத்துப் பக்கம் கூட்டிட்டுப் போ. மீன் இருக்கு, காட்டு" என்றார்.

"கால்ல ரத்தம் வருதேம்மா..."

"உன் கைக்குட்டைய வெச்சுக் கட்டு. போ."

அவர்கள் அகன்றதும், தகேனோ அந்தப் பொட்டலத்தைத் தம் உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு கினுவேயை நெருங்கினார். அவர் சொன்னது கினுவே எதிர்பாராதது.

"அக்கம்பக்கத்துல யாரோ போயிட்டாங்கன்னு சொல்லிடுங்க, சம்பந்தி. நான் அதுக்கு மேல ஒரு வார்த்தை கேக்கமாட்டேன். பக்கத்து வீட்டுச் சாவுக்கு நமக்கு ஒண்ணும் தோஷமில்ல."

தப்பிச் செல்லும் வழியைத் தகேனோ தம் கையாலேயே திறந்து வைத்தார். கினுவே நன்றியோடு அதில் நுழைந்தார்.

"ஆமா. பக்கத்து வீட்டுல ஒருத்தர்..."

"பக்கத்து வீட்டுல யாரோ செத்ததுக்கு நீ ஏன் வாசலைச் சுத்திப் போறே?"

கேட்டவள் சிகுசா. அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் கினுவேயால் தாங்கிக்கொண்டிருக்க முடியும்.

"அம்மா. யாரு?"

கினுவே தகேனோவின் மூடிய கையைப் பார்த்தார். வாய்க்குள் ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது என்ற தடையும் கூடவே இருந்தது. தாயின் அந்த மௌனத்தைச் சிகுசா படித்துக்கொண்டாள். இந்த உலகில், தன் முன்னால் சொல்லக் கூடாத பெயர் ஒன்றே ஒன்றுதான் என்பது அவளுக்குத் தெரியும்.

"எப்போ?"

"போன மாசக் கடைசியில. தொயாமாவுல. ஈரல்ல கட்டி. அவரு ஒசாகாவுலேர்ந்து எப்பவோ தனியாத் திரும்பி வந்துட்டாராம். ஆஸ்பத்திரி நர்ஸுதான் எனக்குப் போன் பண்ணிச்சு."

"நீ போனியா?"

"போனேன். வாரா வாரம்."

"வாரா வாரம்," என்று சிகுசா மெல்லத் திருப்பிச் சொன்னாள். "எங்க வீட்டுக்குப் பேரிக்காய் கொண்டாந்து குடுத்துட்டு, வேலை இருக்குன்னு ஓடுனியே, அந்தச் சனிக்கிழமைங்களா?"

"அவருக்கும் அதே பேரிக்காய்தான்," என்றார் கினுவே. சொல்லியிருக்க வேண்டாத ஒன்று, ஆனால் சொல்லிவிட்டார்.

படியின் உச்சியிலிருந்து கோயில் ஊழியர் ஒருவர் ஒலிபெருக்கியில் அடுத்த குடும்பங்களின் பெயர்களை வாசிக்கத் தொடங்கினார். மூன்றாவதாக அவர்களுடைய பெயர் வந்தது. தகேனோ நிமிர்ந்தார். அவருக்குக் காரியம் கெடக் கூடாது.

"இங்க பாரும்மா சிகுசா. நடந்தது நடந்துபோச்சு. நான் மேல போயி பூசாரிகிட்டப் பேசறேன், எனக்குத் தெரிஞ்சவருதான். கொழந்தை தாத்தாவைப் பாத்ததேயில்ல; சுத்தி பண்ணி விட்டு உள்ள விட்டுருவாரு. நீயும் வா. உனக்கென்ன? இருபது வருஷத்துக்கு மேல அந்த ஆளு, அந்த ஆளுன்னுதானே சொன்னே? ஒரு நாளாவது வாய் நெறைய அப்பான்னு சொல்லியிருக்கியா? அப்புறம் உனக்கு என்ன தீட்டு?"

தகேனோ ஆறுதலாகத்தான் சொன்னார். அவருடைய ஆறுதல்கள் எப்போதுமே சற்றுக் கூர்மையானவை.

சிகுசா தோரணவாயிலை நோக்கி ஓரடி வைத்தாள். கினுவே மூச்சை அடக்கிக்கொண்டார். அவள் உள்ளே போய்விட்டால், எல்லாம் பழையபடியே இருக்கும். ரெய்ஜி அந்த ஆளாகவே இருந்துவிடுவார். மகளும் கொஞ்ச நாள் கோபித்துக்கொண்டு பிறகு மறந்துவிடுவாள். போகட்டும் என்றும், போய்விடக் கூடாதே என்றும் அவர் ஒரே நேரத்தில் வேண்டிக்கொண்டார்.

தூணுக்கு அருகில் சென்ற சிகுசா, அதன் மேல் கை வைத்தாள். அப்படியே நின்றாள்.

"நீங்க கூட்டிட்டுப் போங்க, அத்தை. எனக்குத் தீட்டு இருக்கு."

தகேனோ மருமகளின் முகத்தைப் பார்த்தார். உப்புப் பொட்டலத்தை அவள் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார். பிறகு குளத்தருகே சென்று, பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கம்மாவுக்கு வயித்து வலிடா. நாம போயி மிட்டாய் வாங்கிட்டு வந்துருவோம்" என்று வழக்கமான உரத்த குரலில் சொன்னார். சுமிரே இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். கோஹேய் ஒன்றும் புரியாமல் மனைவியைப் பார்த்துவிட்டு, தாய்க்குப் பின்னால் படியேறினான்.

தோரணவாயிலுக்கு இப்பால், ஒரு தூணருகே மகளும் மறு தூணருகே தாயும் நின்றனர். பட்டாடைச் சிறுமிகள் அவர்களுக்கு நடுவே சலசலத்துக்கொண்டு உள்ளே சென்ற வண்ணம் இருந்தனர்.

"என்னைக் கேட்டாரா?" என்றாள் சிகுசா.

இல்லை என்று சொல்லலாம். நினைவு தப்பியிருந்தது என்று சொல்லலாம். கினுவே இரண்டையும் நாவில் வைத்துப் பார்த்தார்.

"கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"வேலை ஜாஸ்தி, அடுத்த வாரம் வர்றாளாம்னு சொன்னேன்."

"ஒவ்வொரு வாரமுமா?"

"ஒவ்வொரு வாரமும்."

"நம்பினாரா?"

"சனிக்கிழமை காலையில சவரம் பண்ணிவிடச் சொல்லி நர்ஸக் கேப்பாராம். நான் போறப்போ, வழவழன்னு முகத்தை வெச்சுக்கிட்டு, கதவையே பாத்துட்டு உக்காந்திருப்பாரு. நான்தான் வந்திருக்கேன்னு தெரிஞ்சதும், மூக்கைச் சுருக்கிச் சிரிப்பாரு. எனக்கு மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு."

மேலே முரசு அதிர்ந்தது. எவருடைய குழந்தைக்கான வேண்டுதலோ தொடங்கியிருந்தது.

"எரிச்சப்புறம் குச்சியால எலும்பு எடுக்க ரெண்டு பேர் சேர்ந்து நிக்கணுமே," என்றாள் சிகுசா. "உன்கூட யாரு நின்னது?"

"அங்க வேலை செய்யுற ஒருத்தரு. நல்ல மனுஷன். அவருதான் மறுபக்கத்துக் குச்சியப் பிடிச்சாரு."

"பேரு?"

"கேக்கல."

சிகுசா முகத்தை மூடிக்கொள்ளவில்லை. வாயைச் சற்றே திறந்து, படியைப் பார்த்தபடி அழுதாள். கடந்து சென்ற ஒரு தாய், சடங்கின் பூரிப்பில் அழுகிறாள் என்று எண்ணி, அவளை நோக்கிப் புன்னகை செய்து வணங்கிவிட்டுப் போனாள். சிகுசாவும் பழக்கத்தால் திரும்ப வணங்கினாள்.

"நீதானேம்மா பேரை எடுக்கக் கூடாதுன்னு சொன்னே," என்றார் கினுவே. தம்மைக் காத்துக்கொள்ளும் பொருட்டு அவர் அதைச் சொல்லவில்லை. ஆனால் காதில் விழும்போது அப்படித்தான் விழுந்தது.

"ஆமா. சொன்னது நான்தான்." மகள் அவரை முதன்முறையாக நேருக்கு நேர் பார்த்தாள். "அதை நீ கேட்டிருக்கக் கூடாதும்மா. மத்ததெல்லாம் நான் சொன்னா கேப்பியா? மழையில வெளிய போகாதேன்னா போவே. உப்பைக் குறைன்னா அள்ளிப் போடுவே. இதை மட்டும் ஏம்மா கேட்டே?"

அதற்கு விடை கினுவேயிடம் இருந்தது. அது சொல்லத் தகுந்ததாக இல்லை. மகள் தம் வாசற்படியை மிதிக்காமற்போய்விடுவாளோ என்ற அச்சத்தில், ஒரு மனிதரின் கடைசிச் சனிக்கிழமைகளைத் தாம் செலவழித்துவிட்டதை எப்படிச் சொல்வது? அவர் குனிந்து, தம் செருப்பின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிகுசா கையைத் திறந்து பொட்டலத்தைப் பார்த்தாள்.

"இதை ஏன் பிரிக்கல?"

"வாசல்ல நின்னு பிரிக்கத்தான் போனேன். அவரைத் தட்டி உதறிவிடுற மாதிரி இருந்துச்சு. ஏற்கனவே ஒருத்தரும் இல்லாம போனவரு. அப்படியே உள்ள போயிட்டேன்."

சிகுசா தாளின் மடிப்பை நகத்தால் நெம்பினாள். இப்போது தூவிக்கொள்ளப் போகிறாள் என்று கினுவே எண்ணினார். அவள் மடிப்பை மீண்டும் அழுத்தி நீவி, பொட்டலத்தைத் தன் கிமோனோவின் கைமடிப்புக்குள் செருகிக்கொண்டாள்.

"அம்பது நாள் எப்ப முடியுது?"

"டிசம்பர் நடுவுல."

"அதுவரைக்கும் எங்கிட்டப் பேசாதே."

"அதுக்கப்புறம்?"

"தெரியல. அப்ப பாக்கலாம்."

கினுவே தலையசைத்தார். தண்டனை அளிக்கப்பட்டவருக்கு அதன் அளவைக் கேட்கும் உரிமையாவது கிடைத்ததே என்று ஒரு கணம் தோன்றியது. மறுகணம் அதுவும் மறைந்தது. தொயாமாவில் இருந்தவருக்கு அந்த உரிமை கிட்டவேயில்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றுதான் அவருக்குச் சொல்லப்பட்டது.

சடங்கு முடிந்து அவர்கள் படியிறங்கி வந்தனர். முன்னால் தகேனோ, ஒரு கையில் சிறுமியின் செருப்புகளும் மறு கையில் நீண்ட மிட்டாய்ப் பையுமாக வந்துகொண்டிருந்தார். பின்னால் கோஹேய், சுமிரேயைத் தோளில் தூக்கி வந்தான். கோட்டின் பட்டன் ஒன்று மெய்யாகவே தெறித்துப் போயிருந்தது. குழந்தையின் காயம்பட்ட பாதம் ஆடி அதிராதிருக்க, அவன் அதை ஒரு கையால் கீழிருந்து தாங்கியிருந்தான்.

"அம்மா! வயித்து வலி போயிடுச்சா?" என்று சுமிரே தோளின் மேலிருந்து கத்தினாள்.

"இல்லடா செல்லம்," என்றாள் சிகுசா. "வயித்து வலி இல்ல. அம்மாவோட அப்பா செத்துட்டாரு. அதான் உள்ள வரல."

சுமிரே சற்று யோசித்தாள். "உனக்கு அப்பா இருந்தாரா?"

"இருந்தாரு."

அவர்களுக்குப் பின்னால் இறங்கி வந்த புகைப்படக்காரர், தோரணவாயிலின் கீழே குடும்பத்தார் அனைவரும் வந்து நிற்குமாறு அழைத்தார். எவரும் அசையவில்லை. "அப்படியே படியிலேயே எடுத்துக்குங்க, தம்பி. இந்த மூணு பேரு போதும்" என்றார் தகேனோ. அவர் குரலில் வழக்கமான கூர்மை இல்லை.

புகைப்படக்காரர் பின்னோக்கி நகர்ந்து, சட்டகத்துக்குள் அவர்களை அடக்க முயன்றார். சிகுசா தன் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. பாதத்தைத் தாங்கிய அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கினுவேயும் அதைத்தான் பார்த்தார். பார்ப்பதைச் சொல்லலாமா என்று திரும்பியவர், டிசம்பர் நடுவரை பேசக் கூடாது என்பதை நினைவுகூர்ந்து, வாயை மூடிக்கொண்டார். இந்தச் சொல்லையும் கேட்டு நடப்பது சரியா, தவறா என்பது அவருக்கு விளங்கவில்லை.